உடையார் சொன்னதாவது

யாண்டு 31, நாள் 204

இன்று காலை நீராட்டு மண்டபத்தில் உடையார் விழுந்தார்.

நான் அருகில் நின்றிருந்தேன். நிற்பதுதான் என் வேலை. அரசர் குளிக்கும்போதும் உண்ணும்போதும் சபையில் அமர்ந்திருக்கும்போதும் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டு, "கேட்டேன்" என்று சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் எழுதுகிறவன் எழுத்தாணியை எடுக்கமாட்டான். ஓலைநாயகம் முத்திரை வைக்கமாட்டார். நாட்டார் ஓலையைத் தலைமேல் வைத்து வாங்கிக்கொள்ளமாட்டார்கள். எல்லா ஓலையும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: உடையார் சொன்னதாவது. என்னைப் போல் இன்னொருவர் உண்டு. அவர் இளவரசருடன் வடக்கே போர்ப் பாசறையில் இருக்கிறார்.

மேலைக்கால் ஊருக்கும் கீழைக்கால் ஊருக்கும் வாய்க்கால் தகராறு. முதல் தண்ணீர் யாருக்கு என்று கேட்டு இரண்டு ஊராரும் சத்திரத்தில் காத்திருக்கிறார்கள். ஓலைநாயகம் ஆதனூர் வேளான் அதை நினைவூட்டினார். தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த உடையார், "அவங்களுக்கு" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே கல்தரையில் சரிந்தார்.

நாயகம் கதவை அடைக்கச் சொன்னார். உள்ளே அவரும் வைத்தியரும் நானும். வாசலில் வேளைக்காரன் ஒருவன். அவன் என் மகள் பூதியின் கணவன் மழவன். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து உடையாரின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டான்.

வேளைக்காரர் என்பவர்கள் மெய்க்காவலர். சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் அல்லர். உடையாருக்கு ஒரு வேளை வந்தால் அவருக்குப் பின் உயிர் தரிப்பதில்லை என்று பிடாரி கோயிலில் சத்தியம் செய்தவர்கள். உடையார் தன் கையால் கொடுத்த கத்தியைக் கோயில் சுவரில் வரிசையாக மாட்டிவைத்திருக்கிறார்கள். அதை எடுப்பது ஒரு காரியத்துக்குத்தான்.

வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். உயிர் இருக்கிறது என்றார். நான் நினைத்தது உடையாரை அல்ல. பூதிக்கு இது ஆறாம் மாதம். இதை எங்கும் சொல்ல முடியாது. எழுத்தர் கழித்துப்போட்ட ஓலை நறுக்குகள் வீட்டில் நிறைய இருக்கின்றன. கேட்டதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும்.

யாண்டு 31, நாள் 206

வலது கையும் காலும் இல்லை. பேச்சும் இல்லை. கண் திறந்திருக்கிறது. கஞ்சி கடைவாயில் வழிகிறது. மழவன் துடைக்கிறான்.

நாயகம் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்தார். வெற்றிலை கொடுத்தார். இளவரசருக்கு ஆள் போயிருக்கிறது, மழையில் பெருகிய ஆறுகள் வடிந்து அவர் வந்துசேர இரண்டு மாதமாகும் என்றார். தெற்கே உடையாரின் தம்பி மகன் ஒரு சேனையோடு உட்கார்ந்திருக்கிறான். திறை கட்டும் தலைவர்கள் பதினெட்டுப் பேர், உடையாரின் குரல் இருக்கிறது என்பதற்காகத்தான் கட்டுகிறார்கள். குரல் போனது தெரிந்தால் அறுவடைக்குள் நாடு நாலாகும். சொல்லும்போது அவர் குரல் ஏறவே இல்லை. விதைப்புக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

ஆகவே ஓலைகள் நிற்கக்கூடாது. அப்படியென்றால் கேள்வியும், அதாவது நான் "கேட்டேன்" என்று சொல்வதும், நிற்கக்கூடாது.

உடையார் பேசவில்லையே என்றேன்.

"ஐயாறரே, இத்தன வருஷம் அவர் பேசினதை யார் கேட்டா? நான் கேட்டேனா, நாட்டார் கேட்டாங்களா? நீர் கேட்டீர்னு நீர் சொன்னீர். எல்லாரும் தலையாட்டினோம். நீர் கேட்டீர்னா அவர் சொன்னார்னு அர்த்தம். இதுல புதுசா என்ன இருக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசியும், ஆனால் அந்த வாசலில் யார் நிற்கிறான் என்பதையும் சேர்த்து யோசியும் என்றார். நாடு கலைந்தால் அரண்மனைக்குள் முதலில் ஓடிவருகிறவன் முதலில் தேடுவது படுக்கையில் கிடக்கிறவரைத்தான். அவர் போனால் அவருக்குப் பின்னால் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பூதிக்கு விளாம்பழம் வாங்கினேன். வெல்லம் வீட்டில் இருந்தது.

யாண்டு 31, நாள் 209

உடையார் சொன்னதாவது: வாய்க்காலின் முதல் தண்ணீர் மேலைக்கால் ஊர்க்கு. கீழைக்கால் ஊர்க்கு அதன் பின்.

கேட்டேன்.

எழுத்தர் எழுதினார். நாயகம் ஒப்பினார். இரண்டு ஊராரும் சத்திரத்து முற்றத்தில் எழுந்து நின்று ஓலையைத் தலைமேல் வாங்கினார்கள். தோற்ற ஊராரும் வாங்கினார்கள். அவர்களில் ஒரு வயதானவர், உடையார் நன்றாக இருக்கிறாரா என்று என்னிடம் விசாரித்தார். இருக்கிறார் என்றேன்.

உடையார் பேசியிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மேலைக்கால் மேட்டு நிலம்.

யாண்டு 31, நாள் 213

இன்று மூன்று கேள்வி. கோயில் நெய்க்கு ஆடு. வணிகர் மனு. ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டுப் பிரிவின் கணக்கரை வேறு நாட்டுப் பிரிவுக்கு மாற்றுவது. எந்தக் கணக்கனும் ஓரிடத்தில் நான்கு அறுவடைக்கு மேல் காணக்கூடாது என்பது உடையார் வைத்த விதி. ஊர்க்காரனோடு சேர்ந்து உண்டவன் ஊர்க்காரனாகிவிடுவான் என்பார். முதல் இரண்டையும் நாயகம் சொன்னபடி கேட்டேன். மூன்றாவதில், போகிற நாடு மிகத் தொலைவு, கணக்கருக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து நாடு என்று கேட்டேன். நாயகம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஒப்பினார்.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

யாண்டு 31, நாள் 221

திருநாள். உடையார் மாடத்தில் காட்சி கொடுக்கவேண்டிய நாள். கொடுத்தார்.

பட்டுப் போர்வையைக் கழுத்துவரை சுற்றி, முடி வைத்து, முகத்தின் இழுத்த பக்கம் தூண் நிழலில் இருக்குமாறு ஆசனத்தைத் திருப்பிப் போட்டோம். மழவன் ஆசனத்துக்குப் பின்னால் போர்வைக்குள் கையை விட்டு முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே பார்ப்பவர்களுக்கு, வழக்கம்போல் காவலன் பின்னால் நிற்பதாகத் தெரியும். மக்கள் கைகூப்பினார்கள். அரண்மனையில் வைத்திருக்கும் தலைவர்களின் பிள்ளைகளும் தம்பிகளும் முன் வரிசையில் நின்று வணங்கினார்கள். மேளம் முடியும்வரை பிடித்திருந்தான். உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தபின் அவனால் கையை மடக்க முடியவில்லை. பூதி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். மல்யுத்தம் செய்தானாம்.

"மாமாவும் பாத்துட்டு நின்னார்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இவன் நம்மோடு இருக்கிறான் என்று அப்போது நினைத்தேன்.

யாண்டு 31, நாள் 230

வெண்குன்றத்திலிருந்து திறை வரவில்லை. யானை இரண்டு, தேன், மிளகு, எதுவும் இல்லை. யானைக்கு நோய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் அந்த மலைத் தலைவன். ஏதோ காதில் விழுந்திருக்கிறது; உறுதி தெரியாமல் விரலை விட்டு ஆழம் பார்க்கிறான் என்கிறார் நாயகம்.

அவன் தம்பி நெடுவன் இங்கேதான் இருக்கிறான். திறை கட்டும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவன் இங்கே வந்து இருக்கவேண்டும். விருந்தாளி என்று பெயர். உடையாரின் பந்தியில் சாப்பாடு, பட்டு வேட்டி, நகருக்குள் எங்கும் போகலாம். கோட்டை வாசலைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். நெடுவன் பதின்மூன்று வயதில் வந்தவன், இப்போது இருபத்தாறு. மலைப் பேச்சை மறந்துவிட்டான். மழவனும் அவனும் பகடைக் காய்களோடு கவறாடுவார்கள். பூதி கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். வந்த புதிதில் அழுதுகொண்டு சாப்பிடாமல் கிடந்தபோது உடையார் தன் இலையிலிருந்து உருட்டி ஊட்டியிருக்கிறார். அதை அவன் எல்லோரிடமும் சொல்வான். சொல்லும்போது கையை உருட்டிக் காட்டுவான்.

கூரையில் ஒழுகல். ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.

யாண்டு 31, நாள் 233

நெடுவனைப் பற்றி நாயகம் கேட்கச் சொல்வதை நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உடையார் இதுவரை ஒரு விருந்தாளியையும் தொட்டதில்லை என்றேன். தொடாமலே ஆண்டார், ஏனென்றால் தொடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள், இப்போது ஒருவன் நம்பவில்லை, அவனைப் பார்த்துப் பதினேழு பேர் நம்பாமல் போவார்கள் என்றார் நாயகம். கண்ணை மட்டும் எடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. போதாது என்றார்.

வைத்தியர் உள்ளேயிருந்து வந்து, மூச்சு சீராக இருக்கிறது, கலவரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் வெகுநாள் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டு வந்தாரா, தானாக வந்தாரா தெரியாது.

நாயகம் வேறொன்றும் சொல்லவில்லை. பூதிக்கு எந்த மாதம் என்று மட்டும் விசாரித்தார்.

யாண்டு 31, நாள் 234

கேட்டேன்.

யாண்டு 31, நாள் 235

உயிர் போகிற ஆணைக்கு ஒரு முறை உண்டு. ஓலை போதாது. கேட்டவனே நேரில் போய், சாகப்போகிறவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். பழைய காலத்தில் யாரோ ஒரு நல்ல அரசர் வைத்த முறையாம். பொய்யாக ஒருவனைக் கொல்லாமல் இருப்பதற்காக.

மேற்கு வாசலுக்குப் பின்னால் வெளிச்சம் வந்ததும் கூடினோம். கொல்பவன் வெளியூரான். காவலுக்கு அன்று வேளைக்காரர் முறை, மழவனும் நின்றான். நெடுவன் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான்.

நான் சொன்னேன்.

"அவர் வாயாலேயே சொன்னாரா?" என்று கேட்டான்.

"சொன்னார்."

"என் பேரைச் சொன்னாரா?"

"சொன்னார்."

"நீங்க கேட்டீங்க."

"கேட்டேன்."

பிறகு, அவர் சொல்லிவிட்டால் சரிதான் என்றான். மழவனைப் பார்த்து, கவறுக் காய்களை அவனே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னான். கழுத்தைத் தானே குனிந்து கொடுத்தான். பிடிக்க ஆள் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். ஓடு மாற்றுகிறவன் வந்து காத்திருந்தான். எத்தனை உடைந்திருக்கிறது என்று அவனோடு ஏறிப் பார்த்தேன்.

யாண்டு 31, நாள் 242

வெண்குன்றத்திலிருந்து யானை இரண்டும் வந்துவிட்டன. மற்ற தலைவர்கள் திறையை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள். நாயகம் சொன்னது நடந்தது. நடந்ததை நடந்தது என்றுதான் எழுதவேண்டும்.

மழவன் வீட்டில் பேசுவதில்லை. மரியாதையில் குறைவில்லை. நான் வந்தால் எழுந்து நிற்கிறான். சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை. கவறுக் காய்களை ஒரு துணியில் முடிந்து உத்தரத்தில் செருகியிருக்கிறான்.

மேலைக்காலிலிருந்து என் தங்கை புது நெல் ஒரு வண்டி அனுப்பியிருக்கிறாள். இந்த வருடம் அவர்களுக்கு விளைச்சல் நன்றாக இருக்கிறது. கீழைக்கால் ஆட்கள் மறுபடி சத்திரத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பார்க்க நேரமில்லை.

யாண்டு 31, நாள் 252

இன்று உடையார் பேச முயன்றார்.

நாயகம், வைத்தியர், நான், மழவன் இருந்தோம். இடது கையால் மழவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் கண்ணைத் திருப்பினார். தொண்டையில் ஒரு சத்தம். திரும்பத் திரும்ப அதே சத்தம்.

"மாமா, ஏதோ சொல்றார். கிட்ட போய்க் கேளுங்க."

குனிந்து காதை வாயருகில் வைத்தேன். மூச்சுக்காற்று சூடாக இருந்தது. நெ, நெ என்று வந்தது. பிறகு அந்த இடது கையை எடுத்து, விரல்களைக் குவித்து, எதையோ உருட்டுவதுபோல் செய்தார்.

என்ன சொல்கிறார் என்று நாயகம் கேட்டார்.

புரியவில்லை என்றேன். நெ என்று தொடங்கும் சொற்கள் நிறைய. நெய் கேட்கலாம். நெஞ்சு வலிக்கலாம். பசியாக இருக்கும், கஞ்சி கொடுங்கள் என்று வைத்தியரிடம் சொன்னேன். கொடுத்தார்கள். உடையார் வாயை மூடிக்கொண்டார். அதன்பின் என் பக்கம் திரும்பவில்லை.

மழவன் அந்த விரல்களைப் பிடித்து மெல்ல விரித்துவிட்டுக்கொண்டிருந்தான். என்னை அவன் பார்க்கவே இல்லை.

யாண்டு 31, நாள் 260

இளவரசர் ஆற்றுக்கு அக்கரை வந்துவிட்டதாகச் செய்தி. வெள்ளம் வடிய வேண்டும்.

யாண்டு 31, நாள் 262

விடியலில் உடையார் காலமானார். மழவன்தான் முதலில் அறிந்தான். அவன் கை அவர் முதுகுக்கு அடியில் இருந்தது.

வெளியே தெரியக்கூடாது. இளவரசர் நகருக்குள் வந்தபின்தான் சொல்லவேண்டும். பச்சைக் கற்பூரமும் சந்தனமும் மூட்டையாக உள்ளே போகின்றன. இன்றும் இரண்டு ஓலை போயின. அரசர் அமர்ந்த நாளிலிருந்துதான் நாங்கள் நாளை எண்ணுகிறோம். அவர் இல்லாத நாளுக்கு என்ன எண் போடுவது என்று எழுத்தாணியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நாயகம் முப்பத்தொன்று என்றே போடச் சொன்னார். மேலே அப்படியே போட்டிருக்கிறேன்.

மழவனிடம் நாயகம் பேசினார். சத்தியம் சத்தியம்தான், ஆனால் உடையாரின் மகன் வரும்வரை உடலைக் காப்பதும் காவல்தான் என்றார். மழவன் சரி என்றான். படைத்தலைவர் காரி உட்பட வெளியே இருக்கும் மற்ற வேளைக்காரர் யாருக்கும் தெரியாது. முப்பது பேருக்கு மேல். பாதிப்பேர் இளவட்டங்கள்.

யாண்டு 31, நாள் 263

நாயகத்திடம் போனேன். முப்பத்தொன்றாம் யாண்டின் கடைசிக் கேள்வியை நான்தான் கேட்கவேண்டும்: பட்டம் இளவரசருக்கு என்று. அது இல்லாவிட்டால் தெற்கே இருக்கிறவன் நானும் வாரிசுதான் என்பான். அதைக் கேட்கிறேன். கூடவே இன்னொன்றும் கேட்பேன். வேளைக்காரரைச் சத்தியத்திலிருந்து விடுவித்தேன், என் மகனுக்குக் காவலாக இருங்கள் என்று உடையார் சொன்னதாக. இரண்டும் ஒரே ஓலையில். ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் பாக்கை வெட்டிக்கொண்டே, கேளும் என்றார்.

"எனக்கென்ன வந்துச்சு? அவங்க நம்பினா சரி."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என் காரியமாக ஒன்றைச் செய்கிறேன். பூதியிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. நல்ல சேலை ஒன்று எடுத்துவைக்கச் சொன்னேன்.

யாண்டு 31, நாள் 265

இளவரசர் காலையில் நகருக்குள் வந்தார். பகலில் மரணம் அறிவிக்கப்பட்டது. நான் பட்டத்தைச் சொன்னேன். சபை தலைமேல் கைவைத்து ஏற்றுக்கொண்டது.

உடையாரை ஆற்றங்கரையில் எரித்து முடிந்ததும் பிடாரி கோயிலுக்குப் போனேன். வேளைக்காரர் எல்லோரும் ஈர வேட்டியோடு, நெற்றியில் குங்குமத்தோடு நின்றிருந்தார்கள். காரி நடுவில். சுவரில் கத்திகள் வரிசையாக. வெளியே அவர்கள் வீட்டுப் பெண்கள். பூதி அங்கே இருந்தாள், வயிற்றில் கைவைத்துக்கொண்டு. அழவில்லை. வேளைக்காரன் பெண்டாட்டி அங்கே அழக்கூடாது.

உரக்கச் சொன்னேன். உடையார் சொன்னதாவது: என் காவலர் என் பின்னே வரவேண்டாம். என் மகனைக் காக்கட்டும். சத்தியத்தை நான் விடுவித்தேன். கேட்டேன்.

யாரும் அசையவில்லை. காரி என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு இடது கண் புரை. என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மழவன் பக்கம் திரும்பினார்.

"நீ உள்ள நின்னவன். நீ கேட்டியாடா?"

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. நீராட்டு மண்டபத்தில் விழுந்த நாளிலிருந்து உடையார் ஒரு சொல் சொல்லவில்லை என்று அந்தக் கோயிலில் தெரிந்தவன் என்னைத் தவிர இவன் ஒருவன்தான். மேற்கு வாசலில் நான் நெடுவனுக்குப் பதில் சொன்னபோது இவன் பக்கத்தில் நின்றான். உடையார் விரலைக் குவித்தபோது அந்த விரலைப் பிடித்திருந்தவன் இவன். நாடு முழுக்க என் சொல்லை நம்பும். நான் யாருக்காக இதைச் சொன்னேனோ அவன் ஒருவனால் நம்ப முடியாது.

மழவன் என்னைப் பார்த்தான். முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தான்.

"கேட்டேன்" என்றான்.

காரி உட்கார்ந்துவிட்டார். இளையவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வெளியே பெண்கள் அழ ஆரம்பித்தார்கள், இப்போது அழலாம். மழவனையும் யாரோ தோளில் தூக்கினார்கள். என் கால்களில் இரண்டு பேர் விழுந்தார்கள்.

இரவு வீட்டில் அவன் நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாம் முறை மோர் வாங்கிக்கொண்டான். பூதியின் காலடியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். நான் படுக்கப் போகும்போது எழுந்து நின்றான்.

"மாமா, நெடுவன் உங்க வார்த்தையை நம்பித்தான் குனிஞ்சான்."

விளக்கின் திரியைத் தணித்தேன்.

"இன்னிக்கு நான் சொன்ன வார்த்தையை முப்பது பேர் நம்பிட்டாங்க" என்றான். "சுலபமாத்தான் இருக்கு."

தூங்கு, நாளை பேசலாம் என்றேன்.

யாண்டு 1, நாள் 2

கோயில் சுவரில் ஒரு கத்தி இல்லை என்று பூசாரி வந்து சொன்னார்.

உடையாரை எரித்த இடத்துக்குப் பக்கத்தில், ஆற்றை நோக்கி உட்கார்ந்தபடி இருந்தான். இடது மடியில் கவறுக் காய்கள் இருந்த துணிமுடிச்சு.

விடுவித்த பிறகும் போனான் என்று காரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இவனல்லவா வேளைக்காரன் என்று ஊரே சொல்கிறது. அவனுக்கு வீரக்கல் நடப்போகிறார்கள்.

யாண்டு 1, நாள் 9

நாயகம் ஆள் அனுப்பினார். புது உடையாருக்கும் கேள்வி வேண்டும். இளவரசரோடு போயிருந்த மற்றவருக்குப் பாசறையில் பிடித்த காய்ச்சல் விடவில்லையாம்.

போனேன்.

யாண்டு 1, நாள் 24

பெண் குழந்தை. நல்ல எடை. பூதி பெயர் எதுவும் சொல்லவில்லை.

கீழைக்காலில் பதினொரு குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டதாம். ஓலையில் வந்தது.

யாண்டு 1, நாள் 38

உயிர் கொடுத்தவன் வீட்டுக்கு நிலம் கொடுப்பது வழக்கம். உதிரப்பட்டி என்பார்கள், இரத்தத்துக்கு ஈடான நிலம். ஆற்றங்கரையில் நஞ்சை. அரச நிலம் கைமாறும்போது பெண்யானையை எல்லையைச் சுற்றி நடத்துவார்கள்; அது மிதித்த வழியே எல்லை. நிலத்தை வாங்குகிறவர் வந்து நிற்கவேண்டும். கேட்ட அதிகாரி ஆணையைச் சொன்னபின்தான் யானை காலெடுக்கும்.

பூதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். வெள்ளைச் சேலை. நாட்டார், கணக்கர், காரி எல்லோரும் இருந்தார்கள். நான் ஆணையைச் சொன்னேன். உடையார் சொன்னதாவது: என் தந்தையின் காவலன் மழவன் மனைவிக்கும் மகளுக்கும் இந்த நிலம், சந்திரன் சூரியன் உள்ளவரை.

பூதி என்னைப் பார்த்தாள். மழவன் இறந்த பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தாள். அந்தக் கடைசி இரவில் அவன் அவளிடம் என்னென்ன பேசினான் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

"அவர் வாயால சொன்னாராப்பா?"

சொன்னார். இது உண்மை. புது உடையார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். மழவன் பெயரைக் கேட்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பயணத்தில் கம்மிப்போன குரல். நாயகம் சொல்லிக் கொடுக்கவில்லை; அவராகவே, நிலம் ஆற்றங்கரையில் இருக்கட்டும், அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான் என்றார். ஆறு வார்த்தையோ ஏழு வார்த்தையோ. என் இரண்டு காதாலும் கேட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கிண்ணத்தைப் பற்றியும் சொன்னேன். குரல் எப்படி இருந்தது என்றும் சொன்னேன்.

முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரிப்பா. யானை வெயில்ல நிக்குது. நடக்கச் சொல்லுங்க."

கேட்டேன் என்றேன். பாகன் தட்டினான். யானை நடக்க ஆரம்பித்தது.